சிறிய இணைய சர்வருக்கு எந்த லினக்ஸ்?

சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது முதல் திரையிலேயே டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வகைகளின் பட்டியல் ஒன்று வந்து நிற்கும்: டெபியன், உபுண்டு, ஆல்மா, ராக்கி, ஃபெடோரா, ஆல்பைன், ஆர்ச். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே போக முடியும். பலர் ஏற்கெனவே காதில் விழுந்த பெயரை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு சொடுக்கோடு 5 ஆண்டுகள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும் என்பது அப்போது தோன்றுவதில்லை. முதல் முறை எனக்கும் தோன்றவில்லை.

நான் இங்கே பேசுவது சிறிய சர்வரைப் பற்றி மட்டுமே. 1 அல்லது 2 ஜிபி நினைவகம், ஓரிரு இணையதளங்கள், ஒரு தரவுத்தளம், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கும் பகல் முழுவதும் வேறு வேலை இருக்கும். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்தக் கடைசி விவரம்தான்.

வேகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். இணையப் பக்கங்களை அனுப்பித் தரும் என்ஜின்எக்ஸ் எந்த டிஸ்ட்ரோவில் ஓடினாலும் அதே என்ஜின்எக்ஸ்தான். பிஎச்பி என்ற நிரல்மொழியும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் அப்படியே. சிறிய தளம் மெதுவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் தரவுத்தளக் கேள்வியிலோ, இடைச்சேமிப்பு இல்லாததிலோ இருக்கும். டிஸ்ட்ரோவை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. நிறுவுவது எவ்வளவு எளிது என்பதையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு மாலை நேரத்து வேலை. அதன் பிறகு வரும் ஆயிரத்துச் சொச்சம் நாள்களுக்குத்தான் கேள்விகள் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்களை யார் தருகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்குத் தருகிறார்கள்? திருத்தம் வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் தளம் உடையாமல் இருக்குமா? ஆதரவு முடிந்த பிறகு அடுத்த பதிப்புக்கு எப்படிப் போவது?

இந்தக் கேள்விகளுக்கு டெபியன் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டெபியனை 1993இல் இயன் மர்டாக் தொடங்கினார். இன்றுவரை எந்த நிறுவனமும் அதற்கு உரிமையாளர் இல்லை. தன்னார்வலர்கள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்ட விதிகளின்படி நடத்துகிறார்கள். சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒரு நிலையான பதிப்பு வருகிறது. டெபியன் 12 ஜூன் 2023இலும், டெபியன் 13 ஆகஸ்ட் 2025இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டு முழு ஆதரவு, அதன் பிறகு 2 ஆண்டு எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவு, மொத்தம் 5 ஆண்டுகள். கடைசி 2 ஆண்டுகளை வேறொரு குழு, நிறுவனங்கள் தரும் நிதியைக் கொண்டு கவனித்துக்கொள்கிறது. சில பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகத் தரப்படும் மென்பொருள் பொதிகள்) அந்தக் காலத்தில் விடுபட்டுப்போகும். அதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

டெபியனின் நிலையான பதிப்பில் மென்பொருள்கள் பழையவை என்று குறை சொல்வார்கள். உண்மைதான். டெபியன் 12இல் பிஎச்பி 8.2, போஸ்ட்கிரெஸ் 15. அந்தப் பதிப்பின் ஆயுள் முடியும்வரை அதே எண்கள்தான் இருக்கும். ஆனால் பழைய எண் என்பதற்காகப் பழைய ஓட்டைகளும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. புதிய பதிப்பில் அடைக்கப்பட்ட ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பின் மேல் பொருத்தித் தருகிறார்கள். முன்னால் இருக்கும் எண் அப்படியே நிற்கும். வால் பகுதி மட்டும் மாறும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து எச்சரிக்கும் சோதனைக் கருவிகள் இதனாலேயே அடிக்கடி தவறான பயத்தைக் கிளப்புகின்றன. அப்படி ஓர் அறிக்கையைப் பார்த்துப் பதறி, மூல நிரலை இறக்கித் தாங்களே தொகுத்து நிறுவுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு அந்த மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்ப யாரும் இல்லை. நல்ல பாதுகாப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அனாதையாக நிற்பார்கள்.

இதற்கு நெருங்கிய தவறு ஒன்றை நானும் செய்திருக்கிறேன். புதிய பிஎச்பி வேண்டும் என்று டெபியனுக்கு வெளியே உள்ள ஒரு களஞ்சியத்தை, அதாவது பேக்கேஜ்களை இறக்கும் கிடங்கை, சேர்த்தேன். 2 ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லை. அடுத்த டெபியன் பதிப்புக்கு மாறும் நாளில், வெளியிலிருந்து வந்த பேக்கேஜ்களின் எண்கள் டெபியனுடையதைவிட உயர்ந்து நின்றன. அவை இழுத்து வந்த லைப்ரரிகள் மற்றவற்றோடு மோதின. ஓர் இரவு முழுவதும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தளத்துக்கு டெபியனிலேயே இருந்த பிஎச்பி போதுமானதாக இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் சோதித்துப் பார்த்தேன்.

ஆகவே டிஸ்ட்ரோவைத் தேடும் முன், ஓட்டப்போகும் செயலி எந்தப் பதிப்புகளைக் கேட்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். டெபியன் 13இல் பிஎச்பி 8.4, பைத்தான் 3.13, போஸ்ட்கிரெஸ் 17 இருக்கின்றன. உபுண்டு 24.04இல் பிஎச்பி 8.3, பைத்தான் 3.12, போஸ்ட்கிரெஸ் 16. வேண்டியவை டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு, சர்வரை அழிக்காமல் இருந்த இடத்திலேயே மாறலாம். இது பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட பாதை. வெளியீட்டுக் குறிப்புகளில் படிப்படியாக எழுதியிருப்பார்கள். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்பதே முக்கியமான விதி. 11இலிருந்து 13க்குப் போக வேண்டுமானால் 12 வழியாகத்தான் போக வேண்டும்.

உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. கேனானிக்கல் நிறுவனம் 2004 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டது. சர்வருக்கு எல்டிஎஸ் பதிப்பு தவிர வேறெதையும் தொட வேண்டாம். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் அவற்றுக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம் மட்டுமே. முதல்முறை சர்வர் நடத்துகிறவருக்கு உபுண்டுவில் உண்மையான ஆறுதல் இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் அதைச் சந்தித்துத் தீர்த்த ஒருவர் எங்கேனும் எழுதி வைத்திருப்பார். மென்பொருள் நிறுவனங்களின் நிறுவல் வழிகாட்டிகளும் பெரும்பாலும் உபுண்டுவை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் வசதி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. டெபியனில் நிறுவிய முறையைப் பொறுத்து அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நாமே பார்த்து இயக்கிவிட வேண்டும்.

ஆனால் அந்த 5 ஆண்டு வாக்குறுதியைச் சற்று நின்று படிக்க வேண்டும். உபுண்டுவின் களஞ்சியத்தில் மெயின், யூனிவர்ஸ் என்று பகுதிகள் உண்டு. கேனானிக்கல் 5 ஆண்டுகளுக்குத் திருத்தம் தருவதாகச் சொல்வது மெயின் பகுதிக்கு. யூனிவர்ஸில் இருப்பவை சமூகத்தின் பொறுப்பு. யாராவது முன்வந்து திருத்தினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. என்ஜின்எக்ஸ் மெயினில் இருக்கிறது. தாக்குபவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ், இடைச்சேமிப்புக்கு உதவும் ரெடிஸ் போன்றவை யூனிவர்ஸில் இருக்கின்றன. சிறிய சர்வரில் இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது. உள்ளே நுழையும்போது திரையில் இன்னும் சில பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருப்பதாகவும், அவற்றைப் பெற உபுண்டு புரோவை இயக்கும்படியும் ஒரு செய்தி வருமே, அதன் பொருள் இதுதான். புரோவில் சேர்ந்தால் யூனிவர்ஸுக்கும் திருத்தம் கிடைக்கும். ஆதரவும் 10 ஆண்டுகளாக நீளும். தனிநபர்களுக்கு 5 இயந்திரங்கள் வரை கட்டணம் இல்லை. கணக்கு ஒன்று தொடங்கி, சர்வரை அதனோடு இணைக்க வேண்டும். உபுண்டுவைத் தேர்ந்தெடுப்பவர் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு, பதிவு என்று எதுவும் வேண்டாம் என்பவருக்கு டெபியனே பொருத்தம். அங்கே முழு ஆதரவுக் காலத்தில் முதன்மைக் களஞ்சியம் முழுவதையும் ஒரே பாதுகாப்புக் குழு பார்க்கிறது.

உபுண்டுவின் இன்னொரு மென்பொருள் நிறுவல் முறையான ஸ்னாப் பற்றிச் சுருக்கமாக. உபுண்டு சர்வரில் அது முன்பே நிறுவப்பட்டு வருகிறது, தன் பேக்கேஜ்களைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. 1 ஜிபி நினைவகத்தில் அந்தப் பின்னணிச் சேவையும் ஒரு பங்கு கேட்கும். தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். இதற்காக உபுண்டுவையே வேண்டாம் என்று சொல்வது எனக்கு மிகையாகப் படுகிறது.

ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸைச் சார்ந்த குடும்பத்தைப் பேசுவதற்கு சென்ட்ஓஎஸ் கதையைச் சொல்லியாக வேண்டும். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரலிலிருந்து கட்டணமின்றிக் கிடைத்த மறுஉருவாக்கம் அது. உலகம் முழுவதும் இணைய சர்வர்கள் அதை நம்பி ஓடின. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, 2020 டிசம்பர் 8 அன்று அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று அறிவிப்பு வந்தது. 7 ஆண்டுகளுக்கு மேல் குறைந்தன. 10 ஆண்டுக்கு ஒருமுறை யோசித்தால் போதும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஒரே ஆண்டில் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

அந்த வெற்றிடத்தில் எழுந்தவைதான் ஆல்மாவும் ராக்கியும். இரண்டும் 2021இல் வந்தன. ராக்கியைத் தொடங்கிய கிரிகோரி குர்ட்சர், சென்ட்ஓஎஸ் உருவான காலத்தில் அதனோடு இருந்தவர். மறைந்த தம் சக நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூல நிரலைப் பொதுவில் வெளியிடும் முறையைச் சுருக்கியபோது இரண்டும் பிரிந்தன. அச்சு அசலாக அதே நகலைத் தருவதில் ராக்கி உறுதியாக நின்றது. ரெட் ஹேட்டில் ஓடும் செயலிகள் மாற்றமின்றி ஓடினால் போதும் என்ற நிலைக்கு ஆல்மா வந்தது. அதனால் சில திருத்தங்களை அது தானாகவே முன்கூட்டித் தர முடிகிறது. சிறிய சர்வரில் இந்த வேறுபாட்டை நீங்கள் உணர வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டில் ஒன்றைக் கேட்டால் நான் ஆல்மாவைச் சொல்வேன். ஒரு முதன்மைப் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்த இடத்திலேயே மாற எலிவேட் என்ற கருவியை அவர்கள் பராமரிக்கிறார்கள். ராக்கி புதிதாக நிறுவுவதையே பரிந்துரைக்கிறது. பழைய கணினியையே சர்வராக வைத்திருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெட் ஹேட் 10 வரிசை பழைய செயலிச் சில்லுகளைக் கைவிட்டுவிட்டது. ஆல்மா அவற்றில் சிலவற்றுக்காகத் தனியே ஓர் உருவாக்கம் தருகிறது.

இந்தக் குடும்பத்தின் பெரிய சொத்து 10 ஆண்டு ஆயுள். ஆல்மா 9 வரிசை 2032 வரை திருத்தம் பெறும். இன்னொரு சொத்து எஸ்இலினக்ஸ், ஒவ்வொரு நிரலும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு. பலர் அதைச் சுமையாகவே பார்க்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆல்மாவில் என்ஜின்எக்ஸை நிறுவி, பின்னால் ஓடும் செயலிக்குக் கோரிக்கைகளை அனுப்பும்படி அமைப்பை எழுதுகிறீர்கள். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கும், ஆனாலும் 502 பிழை வரும். இல்லக் கோப்புறையிலிருந்து தளத்தின் கோப்புகளை நகர்த்தி வைக்கிறீர்கள். அனுமதிகள் எல்லாம் சரி, ஆனாலும் 403, அதாவது அனுமதி மறுப்பு, வரும். இரண்டுக்கும் காரணம் எஸ்இலினக்ஸ். இணைய சர்வர் தானாக வேறெங்கும் இணைப்பு ஏற்படுத்தக் கூடாது என்பது அதன் இயல்பான விதி. எஸ்இலினக்ஸ் இல்லக் கோப்புறைக்கு இடும் முத்திரை ஒட்டிய கோப்புகளை இணைய சர்வர் படிக்கக் கூடாது என்பதும் விதி. முதலாவதை ஒரே கட்டளையில் அனுமதிக்கலாம், இரண்டாவதை முத்திரைகளை மீட்டமைக்கும் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம். இது தெரியாதவர் தேடிப் பார்ப்பார். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்ற அறிவுரைதான் முதலில் கண்ணில் படும். நானும் ஒருமுறை அதைக் கேட்டு அணைத்தேன்.

அது பெரிய இழப்பு என்று பிறகு புரிந்தது. சிறிய தளங்கள் உடைக்கப்படுவது பெரும்பாலும் பராமரிக்கப்படாத ஒரு செருகுநிரலின் ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையில் நுழைந்தவர் இணைய சர்வரின் உரிமையோடு உள்ளே நிற்கிறார். அங்கிருந்து வேறு கோப்புகளைத் துழாவுவதையும் வெளியே இணைப்பு ஏற்படுத்துவதையும் எஸ்இலினக்ஸ் அந்த இடத்திலேயே மறிக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் இதே வேலைக்கு ஆப்ஆர்மர் இருக்கிறது, ஆனால் என்ஜின்எக்ஸையோ பிஎச்பியையோ இறுக்கும் விதிகள் அவற்றில் இயல்பாக வருவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் ரெட் ஹேட் குடும்பம் மற்றவற்றுக்கு முன்னால் நிற்கிறது என்பதை டெபியனை நேசிக்கும் நான் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்மாவை எடுத்துக்கொண்டு எஸ்இலினக்ஸை அணைப்பதானால் அதை எடுப்பதில் பயனில்லை.

குறைகளும் உண்டு. அடிப்படைக் களஞ்சியம் சிறியது. ஃபெயில்2பேன், தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்துத் தரும் செர்ட்பாட் போன்றவற்றுக்கு எபெல் என்ற சமூகக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். அதற்கு 10 ஆண்டு வாக்குறுதி அப்படியே பொருந்தாது. பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப் கருவி நினைவகத்தை நிறையக் கேட்கும். 512 எம்பி மட்டுமே உள்ள சர்வரில், புதுப்பிக்கும்போதே நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை நிறுத்திவிடக்கூடும். அந்த அளவு சர்வருக்கு டெபியனே பாதுகாப்பான தேர்வு. எதை எடுத்தாலும் 1 ஜிபி சர்வரில் கொஞ்சம் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டு இடம்) ஒதுக்கிவிடுங்கள்.

பழக்கத்தில் இன்னொரு வேறுபாடு கவனத்துக்குரியது. டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு சேவையை நிறுவியதுமே அது ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹேட் குடும்பத்தில் நீங்கள் சொன்னால்தான் தொடங்கும், ஃபயர்வாலும் பெரும்பாலும் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். டெபியனில் ஃபயர்வால் விதிகளை எழுதுவது உங்கள் பொறுப்பு.

ஆல்பைன் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. கன்டெய்னர் என்பது ஒரு செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி; ஆல்பைனின் கன்டெய்னர் படிமம் சுமார் 5 எம்பிதான். எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல், வழக்கமான கருவிகளுக்குப் பதில் பிஸிபாக்ஸ், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்குப் பதில் ஓபன்ஆர்சி. அந்தச் சிக்கனம் அழகானது. ஆனால் ஜிலிப்சிக்காகத் தொகுத்து வெளியிடப்படும் மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடாது. சில பைத்தான் பேக்கேஜ்களை அங்கேயே தொகுக்க வேண்டிவரும். சிறிய சர்வரில் அது நீண்ட நேரம் பிடிக்கும். ஆதரவுக் காலமும் குறைவு. 6 மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. மெயின் களஞ்சியத்துக்கு 2 ஆண்டு ஆதரவு, கம்யூனிட்டி களஞ்சியத்துக்கோ அடுத்த பதிப்பு வரும்வரைதான். கன்டெய்னருக்குள் வைப்பதற்கு ஆல்பைனை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அடிப்படை இயங்குதளமாக, வேறு வேலை உள்ள ஒருவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபெடோராவும் ஆர்ச்சும் நல்ல டிஸ்ட்ரோக்கள், இந்த வேலைக்கு மட்டும் பொருந்தாதவை. ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் சுமார் 13 மாதமே வாழும். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. எல்லாம் ஓடும் ஆறு போல மாறிக்கொண்டே இருக்கும், 3 மாதம் கவனிக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் புதுப்பித்தால் எது மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதியதைத் துரத்துவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருப்பது வெளியே தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைவிலிருந்து சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளை, ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளை போன்றவற்றுக்கு அந்தப் பதிப்புகள் போயிருந்தன. டெபியனின் நிலையான பதிப்பையும், உபுண்டு எல்டிஎஸ்ஸையும், ரெட் ஹேட்டின் வெளியீடுகளையும் அவை எட்டவில்லை. பழைய எண்களைக் குறை சொல்லும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதுண்டு.

நாளையே ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் டெபியன் 13 என்பேன். சிறிய தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். அவருக்கு லினக்ஸ் புதிது என்றாலோ, ஓட்டவேண்டிய மென்பொருளின் வழிகாட்டி உபுண்டுவை மட்டுமே பேசுகிறது என்றாலோ, உபுண்டு எல்டிஎஸ், முதல் நாளே புரோ இணைப்போடு. ஒருமுறை அமைத்த பிறகு பல ஆண்டுகள் பதிப்பு மாற்றவே முடியாத சூழல், அல்லது பிறருடைய மென்பொருளை ஓட்டவேண்டி அதை முழுமையாக நம்ப முடியாத நிலை என்றால் ஆல்மா, எஸ்இலினக்ஸ் விழித்திருக்க. ஏற்கெனவே ஒன்றை நன்றாக அறிந்தவர், அது இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால், மாற வேண்டியதே இல்லை. இரவு 2 மணிக்குத் தளம் விழும்போது, பதிவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடாமல் கைக்கு வரும் பழக்கம் பெரிய பலம்.

தேர்ந்தெடுத்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆதரவு முடியும் காலத்தை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்: டெபியன் 12க்கு எல்டிஎஸ் முடிவு 2028 ஜூன், டெபியன் 13க்கு 2030, புரோ இல்லாத உபுண்டு 24.04க்கு 2029, ஆல்மா 8க்கும் 2029, ஆல்மா 9க்கு 2032. அதற்கு 6 மாதம் முன்பாக இன்னொரு குறிப்பு. அந்தக் குறிப்பு கண்ணில் படும் வாரத்தில், இருக்கும் சர்வரின் காப்புப்பிரதியை இன்னொரு சிறிய சர்வரில் ஏற்றி, புதிய பதிப்புக்கு மாறுவதை அங்கே ஒருமுறை செய்து பாருங்கள். தளம் எழுந்து நின்றால், உண்மையான சர்வரை மாற்ற ஒரு நாளைக் குறிக்கலாம்.